சின்னப் பிள்ளைகளோடு ஐரோப்பா குரூப் டூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைடு வைத்த குரூப்பில் இரண்டு முறை குடும்பத்தோடு ஐரோப்பா போய் வந்தோம். முதல் முறை மகளுக்கு நாலு வயது. 9 நாளில் 6 நாடு என்ற டூரைத் தேர்ந்தெடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அவளுக்கு எட்டு வயதானபோது போன இரண்டாவது டூர் எவ்வளவோ பரவாயில்லை. அதற்கப்புறம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை.

எந்த வயதில் கூட்டிப் போகலாம்?

ஏழு வயதுக்கு மேல் என்றால் சாதாரண குரூப் டூரே போதும். ஒன்றரை வயதுக்குள் என்றாலும் ஒரு விதத்தில் சுலபம்தான். நெஞ்சோடு கட்டிக்கொண்டால் பாதி நேரம் தூங்கிவிடும். இடையில் இருக்கிற மூன்று முதல் ஐந்து வயதுதான் கஷ்டம். தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது, தானாக அதிக தூரம் நடக்கவும் நடக்காது, "இன்னும் பத்து நிமிஷம்" என்றால் அது எவ்வளவு நேரம் என்றும் புரியாது.

பல கம்பெனிகள் குறைந்தபட்ச வயது வைத்திருக்கின்றன, ஆனால் அதைப் பெரும்பாலும் நிபந்தனைகள் பக்கத்தின் அடியில்தான் போட்டிருப்பார்கள். முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். வயது வரம்பே இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். குழந்தைகளைப் பற்றி அந்தக் கம்பெனி யோசிக்கவே இல்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

பயணத்திட்டத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரே ஹோட்டலில் தொடர்ந்து எத்தனை இரவு என்று பாருங்கள். எத்தனை நாடு, எத்தனை நகரம் என்பதெல்லாம் அப்புறம். ஒரு பேனாவை எடுத்து ஒவ்வொரு நாளுக்கு எதிரேயும் அன்று ராத்திரி எந்த ஊரில் படுக்கை என்று எழுதுங்கள். அடுத்தடுத்து ஊர் மாறிக்கொண்டே போனால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடலாம். பாரிஸில் மூன்று, சுவிட்சர்லாந்தில் மூன்று, இத்தாலியில் ஒரே ஊரில் மூன்று என்று இருந்தால் மேலே படியுங்கள்.

ஒரு இரவு மட்டும் தங்குவது என்றால் என்ன என்று எங்கள் முதல் டூரில் தெரிந்தது. காலை 6 மணிக்கு அறை போன் அடிக்கும். 6.30-க்குப் பெட்டி கதவுக்கு வெளியே இருக்க வேண்டும், 7-க்கு காலை உணவு, 7.45-க்கு கோச் (குரூப்பின் சுற்றுலாப் பேருந்து) கிளம்பிவிடும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற குழந்தைக்கு உடை மாற்றிப் பெட்டியை மூடுவதற்குள் வேர்த்துவிடும். நாலாவது நாள் அப்படிக் கிளம்பி முக்கால் மணி நேரம் போன பிறகு மகள், "என் முயல் எங்கே?" என்றாள். வெள்ளைத் துணி முயல். வெள்ளைப் படுக்கை விரிப்புக்குள் சுருண்டு கிடந்திருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. கைடு பாவம், உடனே ஹோட்டலுக்கு போன் போட்டார். விரிப்புகள் ஏற்கெனவே சலவைக்குப் போய்விட்டன என்றார்கள். அன்று எந்தக் கோட்டையைப் பார்த்தோம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இரண்டாவதாக, வினைச்சொற்களைக் கவனியுங்கள். 'உள்ளே சென்று பார்ப்போம்' என்பது வேறு, 'காண்போம்' என்பது வேறு; அது வெளியிலிருந்து பார்ப்பதாக மட்டும்கூட இருக்கலாம். 'பனோரமிக் டூர்' என்றால் கோச்சில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்ப்பது. 'போட்டோ ஸ்டாப்' என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வது. குழந்தைக்குக் காலணி மாட்டி இறக்குவதற்குள் பாதி நேரம் போய்விடும். 'ஓய்வு நேரம்' என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். சில திட்டங்களில் அந்த ஓய்வு நேரம் ஏதாவது கடைத்தெருவில்தான் வரும். பக்கத்தில் பூங்கா இருக்கிறதா என்று வரைபடத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கோச்சில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?

சின்னக் குழந்தை என்றால் நாலு மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக. ஆனால் திட்டத்தில் மணிக்கணக்கு இருக்காது, ஊர்ப்பெயர்தான் இருக்கும். கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். கோச்சுகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் மோட்டார் பாதையிலேயே மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். நகர நெரிசல், நிறுத்தங்கள் எல்லாம் சேர்த்தால் சராசரி 65, 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் சுமார் 310 கிலோமீட்டர். மேப்பில் மூன்றரை மணி என்று காட்டினாலும் கோச்சில் நாலரை, ஐந்து ஆகிவிடும். ஜெர்மனியின் கொலோனிலிருந்து கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) பகுதியில் இருக்கும் டிட்டிசே ஏரிக்கு 450 கிலோமீட்டருக்குப் பக்கம், கிட்டத்தட்ட முழு நாளும் இருக்கையில்தான். ஃபிளாரன்ஸ் - ரோம் 280 கிலோமீட்டர். இதே தூரத்துக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். நீளமான ஒரு கட்டத்தையாவது ரயிலில் வைத்திருக்கிற டூர் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். அதை 15, 30 என்று பிரித்தும் எடுக்கலாம். ஒரு நாளில் சாதாரணமாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். வண்டியில் இருக்கும் கருவியில் எல்லாமே பதிவாகிவிடும். ஆகவே நிறுத்தம் என்பது யாரும் செய்கிற தயவு இல்லை. அதே சமயம் ராத்திரி தாமதமாக ஹோட்டலுக்கு வந்தால் ஓட்டுநரின் ஓய்வு நேரமும் தள்ளிப்போகும், மறுநாள் கிளம்புவது அதனால் பாதிக்கும். நேரத்தைச் சொல்லிக் கைடு கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழிப்பறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோச்சுக்குள் இருந்தாலும் அவசரத்துக்கு மட்டும் என்று பூட்டி வைப்பது வழக்கம். வழியில் உள்ள நிறுத்தங்களில் பல இடங்களில் காசு உண்டு. ஜெர்மன் மோட்டார் பாதைகளில் பரவலாக உள்ள சானிஃபேர் கழிப்பறைகளில் பெரியவர்களுக்கு 1 யூரோ, குழந்தைகள் தனிச் சின்ன வாசல் வழியாக இலவசமாகப் போகலாம். என் மகள் அந்தக் குட்டி வாசலுக்காகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கினாள். நாணயங்களைத் தனிப் பையில் போட்டு வையுங்கள்.

கோச்சில் குழந்தைக்கு கார் சீட் கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கையில் இருக்கும்போது பெல்ட் போட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கோச்சுகளில் பெரும்பாலும் இடுப்பை மட்டும் கட்டும் பெல்ட்தான் இருக்கும், பல கார் சீட்டுகளுக்கோ தோளையும் சேர்த்துக் கட்டும் மூன்று முனைப் பெல்ட் வேண்டும். எந்த வகைப் பெல்ட் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கும் தனி இருக்கைக்குப் பணம் கட்டிவிடுவதுதான் என் கட்சி.

அப்புறம், பல டூர்களில் தினமும் இருக்கையைச் சுழற்சியில் மாற்றுவார்கள். வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் முன்கூட்டியே கைடிடம் சொல்லி வையுங்கள். ஆல்ப்ஸ் வளைவுகளில் கடைசி வரிசையில் உட்காருவது பெரியவர்களுக்கே ஆகாது.

குரூப்பில் எத்தனை பேர் இருந்தால் நல்லது?

இருபது பேருக்குள். கோச் நிறைந்தால் 45, 50 பேர் ஆகிவிடும். அத்தனை பேரும் ஏறி, எண்ணி, கழிப்பறைக்கு வரிசையில் நின்று முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். வெனிஸில் 2024 முதல் கைடு ஒரே நேரத்தில் 25 பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு போக முடியாது, ஒலிபெருக்கியும் கூடாது. நகரங்களே இப்படி ஆரம்பித்துவிட்டன.

எண்ணிக்கையை விட முக்கியமானது, உங்கள் பிள்ளை வயதில் இன்னொரு பிள்ளை வருகிறதா என்பது. "இந்தத் தேதியில் இதுவரை எத்தனை குழந்தைகள் பதிவு, என்ன வயது?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கூட விளையாட ஒரு ஆள் கிடைத்தால் உங்கள் வேலை பாதி குறையும். குடும்பங்களுக்கு மட்டும் என்றே டூர் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். டிஸ்னியின் அட்வென்ச்சர்ஸ் பை டிஸ்னி, டாக் கம்பெனியின் பிரிட்ஜஸ் எல்லாம் அந்த ரகம். விலை கையைக் கடிக்கும். ஆனால் அவர்களுடைய திட்டத்தை எடுத்துப் படிக்கக் காசு வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை இடம் வைக்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு மற்ற டூர்களை அதோடு ஒப்பிடலாம்.

எந்த இடங்கள் பிள்ளைகளுக்கு ஒத்துவரும், எவை வராது?

பெயர் பெற்ற இடங்களில் சிலவற்றில் சின்னப் பிள்ளைகளை உள்ளேயே விடமாட்டார்கள். பைசா சாய்ந்த கோபுரத்தில் ஏற 8 வயதாகியிருக்க வேண்டும். கீழே நின்று கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பது போல போட்டோ எடுப்பதற்கு வயது வரம்பு இல்லை, பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை படத்தில் தேவதைக் கதை மாதிரி இருக்கும். ஆனால் கீழே உள்ள கிராமத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் மேட்டில் ஏற வேண்டும். உள்ளே நிறையப் படிகள் இருக்கின்றன, ஸ்ட்ரோலரும் (குழந்தைத் தள்ளுவண்டி) முதுகில் மாட்டும் குழந்தைத் தூக்கியும் உள்ளே அனுமதி இல்லை. குதிரை வண்டி வைத்துப் போவதானால் பரவாயில்லை.

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீடு, அதாவது நாஜிகளிடமிருந்து அந்த யூதச் சிறுமி ஒளிந்திருந்த இடம், செங்குத்தான படிகளும் கனமான கதையும் கொண்டது, பத்து வயதுக்குக் கீழே நான் கூட்டிப் போகமாட்டேன். அதே ஊரில் நீமோ அறிவியல் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் எல்லாவற்றையும் தொடலாம், இழுக்கலாம், தண்ணீரில் விளையாடலாம். ஹேக் நகரத்தில் மதுரோடாம் இருக்கிறது. நெதர்லாந்து முழுவதும் 25-இல் ஒரு பங்கு அளவில், ரயில் ஓட, விமானம் நகர. சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் சிங்கச் சிலையை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், சுவிஸ் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் ஒரு நாளே போய்விடும். ரைன் அருவியின் உயரம் 23 மீட்டர்தான், அகலமோ 150. படகில் அருகே போகும்போது முகத்தில் சாரல் அடிக்கும், நாலு வயதுக்கு அதைவிட என்ன வேண்டும்? பிரஸ்ஸல்ஸில் சிறுநீர் கழிக்கும் பையன் சிலை, மானெகன் பிஸ், அரை மீட்டர் உயரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். "இவ்வளவுதானா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பாரிஸ் அருகே டிஸ்னிலேண்ட் பல டூர்களில் ஒரு நாள் வரும். சில சவாரிகளுக்கு உயர வரம்பு உண்டு, பிக் தண்டர் மவுண்டனுக்கு 1.02 மீட்டர். வீட்டிலேயே சுவரில் அளந்து சொல்லிவிட்டால் வரிசையில் நின்று அழவேண்டாம். பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு வெளியே நின்று, மற்றவர் சவாரி முடித்ததும் முழு வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

உயரமான மலைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் மலை ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. ரயிலும் கேபிள் காரும் வேகமாகக் கொண்டுபோய் விட்டுவிடும், உடம்புக்குப் பழக நேரம் இருக்காது. காது அடைக்கும், தலை வலிக்கும். கைக்குழந்தையோ மூச்சுத் தொந்தரவு உள்ள பிள்ளையோ என்றால் டாக்டரைக் கேட்காமல் அந்த நாளை ஒப்புக்கொள்ள வேண்டாம். ரிகி மாதிரி 1,800 மீட்டருக்குள் இருக்கிற மலை போதும்.

ஸ்ட்ரோலர் கொண்டு போகலாமா?

ஒரு கையால் மடிக்கக்கூடிய, எடை குறைந்தது என்றால் சரி. ரோமின் கருங்கல் பாவிய தெருக்களில் சின்னச் சக்கரங்கள் சிக்கும், வெனிஸில் நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டோடு. அந்த இரண்டு ஊரிலும் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணித் தூக்கிதான் கைகொடுக்கும்.

சாப்பாடு?

வகையை விட நேரம்தான் பிரச்சனை. இத்தாலியில் பல உணவகங்கள் இரவு 7, 7.30-க்குத்தான் திறக்கும், ஸ்பெயினில் இன்னும் தாமதம். பிள்ளைக்குப் பசி 6 மணிக்கே வந்துவிடும். குரூப் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, ஹோட்டலிலேயா அல்லது கோச்சில் ஏறிப் போக வேண்டுமா என்று கேளுங்கள். எல்லா இரவும் சாப்பாடு சேர்த்திருக்கிற டூர் பார்க்க லாபமாகத் தெரியும். சின்னப் பிள்ளை இருந்தால் பாதி இரவு நமக்கு விட்டிருக்கிற டூர்தான் நல்லது. ரொட்டி, பழம், தயிர் வாங்கிக்கொண்டு அறையில் சாப்பிட்டு 8-க்குத் தூங்கலாம். ஒன்று மறக்காதீர்கள், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் அநேகமாக மூடியிருக்கும். பாலும் டயப்பரும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் அவசரத்துக்குத் திறந்திருக்கும்.

ஹோட்டல் அறையில் எல்லோரும் ஒன்றாக இருக்க முடியுமா?

நாலு பேர் என்றால் உத்தரவாதம் இல்லை. ஐரோப்பிய நகர ஹோட்டல்களில் அறைகள் சிறியவை, தீயணைப்பு விதியால் ஒரு அறையில் இத்தனை பேர்தான் என்று கண்டிப்பாக இருப்பார்கள். 'குடும்ப அறை' என்பதற்கு ஒரே அறை, உள்கதவு உள்ள இரண்டு அறை, ஒரே மாடியில் தள்ளித் தள்ளி இரண்டு அறை என்று மூன்று அர்த்தம் உண்டு. எது என்று எழுத்தில் வாங்குங்கள். ஹோட்டல் நகரத்துக்குள் இருக்கிறதா, விமான நிலையம் பக்கமா என்பதும் முக்கியம். வெளியே இருந்தால் மதியம் குழந்தையைத் தூங்கவைக்க நடுவில் திரும்ப முடியாது.

எந்த மாதம் போகலாம்?

மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர். ஆகஸ்டில் ரோமின் வெயிலில் திறந்தவெளி இடிபாடுகளுக்கு நடுவே குழந்தையை நிறுத்தாதீர்கள். நவம்பரில் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கும். துலிப் தோட்டமான கோய்கன்ஹோஃப் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைதான்.

யாரும் சொல்லாத ஒன்று: ஜூன் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். குழந்தைக்கு அது சாயங்காலம்தான், படுக்கவே வராது. 'இரவு விளக்கொளியில் பாரிஸ்' என்று கூடுதல் காசுக்கு விற்பதும் இருட்டிய பிறகுதானே? அறைக்குத் திரும்ப நள்ளிரவு ஆகிவிடும், மறுநாள் 6 மணிக்கு போன் அடிக்கும். அதை வாங்க வேண்டாம்.

குழந்தைக்குத் தள்ளுபடி என்கிறார்களே, லாபமா?

எதில் தள்ளுபடி என்று பிரித்துக் கேளுங்கள். லூவ்ர், வெர்சாய் அரண்மனை, கொலோசியம் மூன்றிலும் 18 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம். ஐஃபில் கோபுரத்தில் 4 வயதுக்குள், வாட்டிகன் அருங்காட்சியகத்தில் 7 வயதுக்குள், டிஸ்னிலேண்டில் 3 வயதுக்குள் இலவசம். வெனிஸில் குறிப்பிட்ட நாட்களில் வாங்கும் பகல்நேர நுழைவுக் கட்டணமும் 14 வயதுக்குள் கிடையாது. இவற்றையெல்லாம் கூட்டி "உங்கள் பிள்ளைக்கு நாங்கள் தரும் சலுகை" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே கணக்கைத் திருப்பிக் காட்டுங்கள். உண்மையான தள்ளுபடி அறையிலும் கோச் இருக்கையிலும் இருக்க வேண்டும்.

விசா விஷயத்தில் குழந்தைக்கு என்ன வித்தியாசம்?

ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) தேவைப்படுகிற நாட்டவர் என்றால் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6-க்குள் கட்டணம் இல்லை. 12 வயதுக்குள் கைரேகையும் எடுக்கமாட்டார்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. லண்டனில் தொடங்கும் டூர் என்றால் இன்னொரு அனுமதியும் தேவைப்படலாம். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

கம்பெனி கடைசி நேரத்தில் டூரை ரத்து செய்தால்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் பேக்கேஜ் என்றால் சட்டம் தெளிவு. ஆள் சேரவில்லை என்று ரத்து செய்வதானால், ஆறு நாளுக்கு மேற்பட்ட பயணத்துக்குக் குறைந்தது 20 நாள் முன்பே சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் நீங்கள் அபராதம் இல்லாமல் விலகலாம். வேறு நாட்டில் வாங்கினால் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நீங்கள் ரத்து செய்வது தனிக் கதை, அதற்குக் காப்பீடுதான் வழி. குடும்பத்தில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லோருடைய பணமும் கிடைக்குமா என்று பாலிசியில் பாருங்கள். வழியில் அவசரம் என்றால் ஒன்றியம் முழுவதும் 112.

பிள்ளை களைத்துவிட்டால் ஒரு நாள் குரூப்போடு போகாமல் இருக்கலாமா?

தாராளமாக. முந்தின இரவே கைடிடம் சொல்லிவிட்டால் போதும், பணம் மட்டும் திரும்ப வராது. ஊர் மாறுகிற நாளில் முடியாது, பெட்டியோடு கோச் கிளம்பிவிடும். ஒரே ஊரில் மூன்று இரவு கேட்கச் சொன்னது இதற்கும்தான். இரண்டாவது டூரில் லூசெர்னில் மற்றவர்கள் மலைக்குப் போன அன்று நாங்கள் மூவரும் ஏரிக்கரையிலேயே இருந்துவிட்டோம். மரப்பாலத்தை நாலு முறை கடந்தோம், மகள் அன்னப்பறவைகளை எண்ணினாள், மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினாள். சாயங்காலம் குரூப் திரும்பி வந்தது. மேலே ஒரே மேகமாம், ஒன்றும் தெரியவில்லையாம்.